செவ்வந்தியின் முதல் முடி

ஜனவரி 17, சனி

பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்றார்கள். பொங்கல் வந்தது, குக்கரில் பொங்கி முடித்தோம், அவள் வரவில்லை.

நேற்று ஓர்லா போன் செய்தாள். எங்கள் தத்தெடுப்பு வேலைகளை இந்த ஊரில் பார்த்துக்கொள்ளும் சமூகப் பணியாளர் அவள். கெட்ட செய்தியைக்கூட வானிலை அறிக்கை மாதிரி வாசிப்பாள். இந்தியாவில் எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி மாறுதலாகிவிட்டாராம். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பாராம். "இன்னும் கொஞ்சம் பொறுமை" என்றாள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

செவ்வந்திக்கு இரண்டேகால் வயது. திருச்சிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறாள். நானும் என் கணவர் குருவும் அயர்லாந்தில், லிமெரிக்கில் இருக்கிறோம். போன புரட்டாசியில் அவள் படத்தை அனுப்பிச் சம்மதமா என்று கேட்டார்கள். மூக்கைச் சுளித்துக்கொண்டு கேமராவை முறைத்திருந்தாள். அப்போதே அவள் எங்கள் பிள்ளை. காகிதம்தான் பாக்கி. அந்தக் காகிதம்தான் மேஜை மேஜையாக உட்கார்ந்து இளைப்பாறுகிறது.

இந்த டைரியும் ஓர்லாவின் யோசனை. காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதிவையுங்கள், வளர்ந்ததும் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றாள். அவள் படிக்கப்போவதால் பயத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பயமாக இருக்கிறது. சரி, எழுதியாகிவிட்டது.

ஜனவரி 24, சனி

வாரம் முழுவதும் சனிக்கிழமை காலைக்காகத்தான் ஓடுகிறது. பத்து மணிக்கு வீடியோவில் ரெஜினா அக்கா வருவார். இல்லத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பது வயதிருக்கும். செவ்வந்தியை இடுப்பிலிருந்து இறக்காமலே பேசுவார்.

இன்று இரட்டைச் சடை போட்டு, ஒவ்வொன்றிலும் கனகாம்பரம் வைத்திருந்தார்.

"பாத்தீங்களாம்மா மகாராணியை? எண்ணெய் ஊத்தி மாளல. இத்தனூண்டு பிள்ளைக்கு இம்புட்டு முடி!"

"அக்கா, வெட்டிடாதீங்க."

"நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே. நான் கத்திரிக்கோலைக் கண்ணுலயே காட்டல."

"அம்மா சொல்லு தங்கம்" என்று காதோரம் சொல்லிக்கொடுத்தார். "ம்மா" என்றாள். ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். போன் சின்னதுதானே, குழந்தைக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்காது.

முடி விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். குரு வீட்டுக் குலதெய்வம் பேச்சியம்மன். கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடக்க வேண்டும். அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைகளின் முதல் முடி பேச்சிக்குத்தான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டை போடுவார்கள். சம்மதம் சொன்ன அன்றே நான் வேண்டிக்கொண்டேன். இவளைப் பத்திரமாக என் கையில் கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே, முதல் முடி உனக்கு, அதுவரை கத்தி படாமல் பார்த்துக்கொள்கிறேன். ரெஜினா அக்காவிடம் விசாரித்துவிட்டேன், கைக்குழந்தையில்கூட அவளுக்கு முடி இறக்கவில்லையாம். பேச்சிக்காகவே விட்டுவைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் உண்டு. முதல் மொட்டை அங்கே நடந்துவிட்டால் அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொந்தத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

குருவிடம் சொல்லவில்லை. சிரிப்பார்.

பிப்ரவரி 6, வெள்ளி

செய்தி எதுவும் இல்லை. விரதம். மழை. போர்வைகளைத் துவைத்துப்போட்டேன், காயவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். சுடலைமணி, என்னைவிட நான்கு வயது மூத்தவன், கோவில்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு மட்டும் வேண்டுதல் தெரியும். மடி கொடுக்கிறவனிடம் சொல்லாமல் எப்படி?

"தாயி, கிடா என்னைய விட வெயிட்டு போட்டுருச்சு. கயித்தப் பிடிச்சா என்னைய இழுத்துக்கிட்டு அதுதான் வாக்கிங் போகுது. புள்ள எப்ப வரும்?"

"யாருண்ணே உன்னை அதுக்குள்ள கிடா வாங்கச் சொன்னது?"

"தாய்மாமன்னா சும்மாவா? புள்ள வந்ததும் அலையச் சொல்லுதியா?"

நாங்கள் இங்கே ஒரு ஃப்ராக்குகூட வாங்கவில்லை. வருவதற்கு முன்னாடி வாங்கிவைத்தால் கண்பட்டுவிடும். குரு ஒருநாள் சின்னக் கட்டிலோடு கடையிலிருந்து வந்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போனார். அது இன்னும் கார் டிக்கியிலேயேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 28, சனி

ஓர்லா வந்து வீட்டைப் பார்த்தாள். தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று எங்களுக்குக் கொடுத்த சான்று செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் குழந்தை வந்து சேராவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அப்போது இதே குழந்தையைத் தருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றாள். அவளுக்கே சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

குரு, "அப்ப வேற பிள்ளையா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு பிள்ளை என்றால் என்ன அர்த்தம்? ஓர்லா போனதும் சண்டை போட்டேன். கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதானே என்றார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

மார்ச் 21, சனி

எங்கள் தத்தெடுப்பு விசாரணையை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். காரணம் கேட்கக் கூடாதாம், கேட்டால் எரிச்சல்படுவார்களாம்.

நான் வேலை பார்ப்பது பல் கிளினிக்கில், டாக்டருக்கு உதவியாளர். நேற்று நாற்காலியில் ஒரு சின்னப் பெண். பயந்துபோய் என் விரலைப் பிடித்தவள், டாக்டர் முடித்த பிறகும் விடவில்லை. அவள் அம்மா வந்து கையைப் பிரித்து எடுத்தாள். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து கருவிகளைக் கழுவினேன்.

இரண்டு தடவை என் வயிற்றில் வந்து தங்காமல் போயிருக்கின்றன. இரண்டு தடவையும் நான் யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. படித்தவள் என்ற திமிர். இந்தத் தடவை அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

ஏப்ரல் 11, சனி

திருச்சியில் வெயில் ஆரம்பித்துவிட்டது. செவ்வந்தி பேசும்போதே இரண்டு கையாலும் தலையைப் பிறாண்டுகிறாள்.

"பேன் வந்துருச்சும்மா. ஒரு பிள்ளைக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துரும்ல. நாளைக்கு நாவிதரு வர்றாரு, வெயிலுக்கு எல்லாப் பிள்ளைக்கும் மொட்டை போட்டு விட்டுரலாம்னு. இவளுக்கும் போட்டுரவா?"

"வேண்டாம்க்கா. இவளுக்கு மட்டும் வேண்டாம். வேப்பெண்ணெய் தடவி ஈருகோலியால வாரிப் பாருங்களேன்."

"சரிம்மா" என்றார். செவ்வந்தியின் கையைத் தலையிலிருந்து விலக்கிவிட்டு, "சரி, வாரிப் பாக்குறேன்" என்றார்.

பக்கத்தில் குரு போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எதற்கு வேண்டாம் என்றாய் என்று பிறகு கேட்டார். பெண் குழந்தைக்கு முடி அழகு என்றேன்.

ஏப்ரல் 25, சனி

இன்று வீடியோவில் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் மொட்டைத் தலையோடு தண்ணீர்த் தொட்டியில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் சடையோடு ரெஜினா அக்கா மடியில் இருந்தாள். தலை நனைந்தால் காய நேரமாகிறது, சளி பிடித்துக்கொள்கிறது, அதனால் இறக்கிவிடவில்லையாம். தொட்டியைக் காட்டிக் காட்டி அழுதாள்.

இன்னும் கொஞ்ச நாள்தானே தங்கம் என்றேன். அவளுக்கு என்ன புரியும்?

மே 9, சனி

தலையில் வேனல் கட்டி வந்திருக்கிறது. ஒன்று உடைந்து தலையணையில் ஒட்டிக்கொண்டதாம். வேனல் கட்டி இந்த வெயிலில் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். நானும் அண்ணனும் பட்டிருக்கிறோம்.

ரெஜினா அக்கா இன்று சிரிக்கவில்லை. "முடிய எடுத்துட்டா மருந்து போடத் தோதா இருக்கும்மா. பிள்ளை ராவெல்லாம் முனகுறா" என்றார். தத்து ஆர்டர் இந்த மாதம் கட்டாயம் வந்துவிடும், வந்ததும் நேரே கோவிலுக்குத்தான், அதுவரை முடியைப் பிரித்துப் பிரித்து மருந்து போடுங்கள் என்று கெஞ்சினேன். கோவில் என்று வாய் தவறி வந்துவிட்டது. நல்லவேளை, குரு மாடியில் இருந்தார்.

"ஓ, நேத்திக்கடனா?" என்றார் ரெஜினா அக்கா. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. சரிம்மா. சாமி விசயம். நான் பாத்துக்குறேன்."

மே 14, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது!

கிளினிக்கில் போன் வந்தது. கையுறையைக் கழற்றாமலே எடுத்துவிட்டேன், டாக்டர் முறைத்தார். செவ்வந்தி, தகப்பன் பெயர் குருநாதன், தாய் பெயர் செண்பகவல்லி. ஓர்லா வாசித்துக் காட்டினாள், நம் பெயர்களை அவள் வாயால் கேட்க வேண்டுமே! இனி பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, விசா. அவ்வளவுதான்.

பேச்சி காப்பாற்றிவிட்டாள். நான் வாக்கு தவறவில்லை, அவளும் தவறவில்லை.

குரு டிக்கியிலிருந்து கட்டிலை இறக்கினார். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. திருகாணி ஒன்று குறைகிறது என்று தரை முழுக்கத் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

மே 23, சனி

இன்று அழைப்பு இல்லை. பிள்ளைக்கு உடம்பு சூடு, தூங்குகிறாள் என்று செய்தி மட்டும் வந்தது.

மே 30, சனி

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. எழுதினால் கொஞ்சம் அடங்குமா பார்ப்போம்.

பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. காய்ச்சல் விடவே இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் நெறிகட்டியிருக்கிறது, பட்டாணி பட்டாணியாகக் கைக்குத் தட்டுப்படுகிறதாம். டிபியாக இருக்குமோ என்று சோதிக்க வேண்டும் என்றிருக்கிறார். சோதனை முடிந்து, காய்ச்சல் விட்டு, மறுபடி பார்த்துத்தான் பயணத்துக்குத் தகுதி என்று எழுதுவாராம்.

டிபி என்றால் மாதக்கணக்கில் மருந்து. செப்டம்பர் போய்விடும். ஓர்லாவிடம் கேட்டேன், பெரிய நோய் என்று வந்தால் இங்கேயும் எங்கள் சம்மதத்தை மறுபடி விசாரிப்பார்களாம்.

ரெஜினா அக்கா போனை அவள் பக்கம் திருப்பினார். எண்ணெயும் மருந்தும் சீழுமாக முடி தலையோடு ஒட்டிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

வெயில் இந்த வருடம் ரொம்ப அதிகம். எல்லோரும் சொல்கிறார்கள்.

மே 31, ஞாயிறு

குரு எனக்குத் தெரியாமல் ரெஜினா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நான் சாம்பாருக்குப் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"முடிய எடுத்துட்டுக் கட்டியச் சுத்தம் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தலையில இருக்கிற சீழுதான் கழுத்துல எறங்கியிருக்கலாம்னும் சொல்லியிருக்காரு. உனக்குத் தெரியுமா?"

தெரியும். நேற்றே ரெஜினா அக்கா சொன்னார். அதை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.

"நாம சரின்னு சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்காங்க. இப்ப நாமதானே தாய் தகப்பன். நீ ரெண்டு நாள் டைம் கேட்டியாம். எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்றுதானே இத்தனை மாதம் மறைத்தேன், அவர் சிரிக்கவில்லை.

"இன்னும் அவளைத் தொட்டுக்கூடப் பாக்கல செண்பகம். அதுக்குள்ள அவ தலையக் கொண்டுபோய் அடமானம் வச்சிட்டியே."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சாம்பார் வைத்தேன். அவர் சாப்பிட வரவில்லை, நானும் சாப்பிடவில்லை.

கோபமாக எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் பயம்தான் வருகிறது. முடியை எடுத்தால் பேச்சி பிள்ளையை எடுத்துக்கொள்வாள். எடுக்காவிட்டால் காய்ச்சல் எடுத்துக்கொள்ளும். பேச்சி லேசுப்பட்டவள் இல்லை. கொடுத்ததைக் கேட்டு வாங்குகிறவள். என் வயிற்றில் தங்காமல் போன இரண்டையும் அவளுக்கு எதுவும் நேர்ந்துகொள்ளாததால்தான் இழந்தேன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 2, செவ்வாய்

பேச்சியிடமே கேட்டுவிடலாம் என்று அண்ணனைக் கோவிலுக்கு அனுப்பினேன். எங்கள் பக்கம் ஒரு காரியம் சாமிக்குச் சம்மதமா என்று தெரிய வேண்டுமானால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

இல்லத்திலேயே முடியை இறக்கிக்கொள்ளட்டுமா, உனக்குப் பிறகு வேறு செய்கிறேன், சம்மதமா என்று கேட்கச் சொன்னேன்.

கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கூப்பிட்டான். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"தாயி..."

"சொல்லுண்ணே."

"எம் மக சின்னவதான் எடுத்தா. செவப்பு."

பின்னால் கோவில் மணி யாரோ அடிப்பது கேட்டது.

"இன்னொருக்கா கேப்பமா? மூணு தடவ வரைக்கும் கேக்கலாம்னு பூசாரி சொல்லுதாரு. புள்ளதானே எடுத்தா, கை தடுமாறி..."

"வேண்டாம்ண்ணே. வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டா அதுக்குப் பேரு கேக்குறதா?"

"அப்ப என்ன செய்ய? அவ வேண்டாம்ங்கா."

"அவ வேண்டாம்ங்கா. நான் வேணும்ங்கேன்."

எப்படி என் வாயில் அது வந்தது என்று எனக்கே தெரியாது. போனை வைத்துவிட்டு ரெஜினா அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்துவிடுங்கள் அக்கா, இப்போதே, நாவிதருக்குச் சொல்லியனுப்புங்கள் என்றேன். "சாமி?" என்று கேட்டார். சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

பூஜை அலமாரியின் முன் நின்றேன். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவளை விட்டுவிடு என்றேன். குலதெய்வத்தை எதிர்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை.

ஜூன் 3, புதன்

வீடியோவில் பார்த்தோம். குருவும் லீவு போட்டார்.

தாய்மாமன் இல்லை, மேளம் இல்லை. இல்லத்துப் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ரெஜினா அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் அவள். நாவிதர் முதலில் வெந்நீர் விட்டு விட்டு முடியைக் கட்டியிலிருந்து பிரித்தார். அதற்கே உயிர்போகக் கத்தினாள். அம்மா, அம்மா என்று ரெஜினா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ரெஜினா அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முடி போனதும்தான் தலை தெரிந்தது. நான் பார்த்த படங்களிலெல்லாம் பூவும் சடையும் மறைத்துக்கொண்டிருந்த தலை. சில இடம் உரித்த தக்காளி மாதிரி இருந்தது. குரு எழுந்து போய்விட்டார். நான் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டும்.

இதைச் செய்தது வெயில் இல்லை. செவ்வந்தி, நீ இதைப் படிக்கும்போது உனக்கு எத்தனை வயதோ, இந்த வரியை நான் அடிக்கப்போவதில்லை.

ஜூன் 6, சனி

காய்ச்சல் விடவில்லை. சிவப்புப் பூதான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜூன் 8, திங்கள்

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். குரு என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறார். "உப்பு இருக்கா?" என்று கேட்டார். அதற்கே நிம்மதியாக இருந்தது.

ஜூன் 13, சனி

டிபி இல்லை! தலைப் புண்ணால் வந்த நெறிதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. இன்று அழைப்பில் மொட்டைத் தலையோடு தொட்டித் தண்ணீரை அள்ளி ரெஜினா அக்கா மேல் ஊற்றினாள். ரெஜினா அக்கா தலையில் முக்காடு போட்டிருந்தார். நல்ல வெயில் போல.

சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம்தான். பேச்சி எப்போது கேட்பாள் என்ற யோசனை வந்துவிட்டது. விமானத்தில் கேட்பாளா, இங்கே வந்த பிறகா?

ஜூலை 11, சனி

மறுபரிசோதனையில் தகுதி என்று கையெழுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்குக் காத்திருக்கிறோம். மதியம் குருவுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு விரிப்பு வாங்கினேன். கண்படட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தைரியம். வீட்டுக்கு வரும்போது தைரியம் போய்விட்டது, அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன்.

ஜூலை 24, வெள்ளி

விசா. டிக்கெட். பயம்.

ஆகஸ்ட் 5, புதன்

திருச்சியிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் காரில் பாதி எழுதினேன், மீதியை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இல்லத்துக்குப் போனோம். அலுவலக அறையில் கையெழுத்துகள் முடிந்தன. ரெஜினா அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேரில் ரொம்பச் சின்னவள். தலையில் விரற்கடை அளவு முடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ரெஜினா அக்காவின் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். புதைத்த வேகத்தில் முக்காடு சரிந்தது.

ரெஜினா அக்காவும் மொட்டை போட்டிருந்தார். அங்கங்கே நரையாக அவருக்கும் விரற்கடை அளவுதான் முளைத்திருந்தது.

அவர் கூச்சப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

"வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கிட்டேம்மா. மொட்டை போட்ட அன்னிக்கு, இவள மடியில வச்சிக்கிட்டு இருக்கும்போதே நேந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விடணும், நல்லபடியா உங்க கையில போய்ச் சேரணும்னு. சேருறதுக்கு முன்னயே போய்க் குடுத்துட்டு வந்துட்டேன். மாதா என்னிக்கும் ஏமாத்துனதில்ல."

நான் என் சாமிக்குக் குழந்தையின் முடியை நேர்ந்தேன். அவர் தன் சாமிக்குத் தன் முடியைக் கொடுத்திருக்கிறார். அதுவும் எதற்கு? அவள் தன்னை விட்டுப் போவதற்கு. வெட்கத்தில் எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றினார், அதுதான் அதைவிட வெட்கம்.

"ராத்திரி உங்களைக் கேட்டு அழுதா நான் என்னக்கா செய்யட்டும்?"

"அழட்டும்மா. என்கிட்ட வந்தப்பவும் யாரையோ கேட்டு ஒரு மாசம் அழுதா. அழுது முடிச்சுத்தான் என்கிட்ட வந்தா. உங்ககிட்டயும் அப்படித்தான் வருவா."

பிறகு அவளை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கார் கிளம்பியதும் குரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் கோவிலுக்குத்தானே? உன் முடியையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது. என்கிட்ட குடுக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பேச்சி ஏற்றுக்கொள்வாளா தெரியாது. சிவப்புப் பூவுக்கு இது பதிலாகுமா, அதுவும் தெரியாது. பயம் போகவில்லை. இனி போகாது என்றுதான் நினைக்கிறேன். அம்மாமார்களுக்கெல்லாம் இப்படித்தானோ என்னவோ.

அவள் என் மடியில் உட்காரவில்லை. கார்க் கதவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் கையை வைத்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அம்மா, அம்மா என்று. விராலிமலை தாண்டியும் நிற்கவில்லை, துவரங்குறிச்சி தாண்டியும் நிற்கவில்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும், "என்ன தங்கம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.